கம்பியூட்டர் ஜில்மார்ட் நடந்ததா? எங்கட எலெக்ஷன்ல எதைச் சந்தேகப்படோணும்

தம்பி கேட்ட கேள்விய முதல்ல அப்படியே போடுறன், வாசிக்கிற மத்தவங்களுக்கும் விளங்கட்டும். "அண்ணா, 2010ல கம்பியூட்டர்ல கணக்க மாத்தித்தான் மகிந்த ராஜபக்ஷ வெண்டவர் எண்டு அப்பா இண்டைக்கும் அடிச்சுச் சொல்றார். 2024ல ரெண்டாவது தரம் எண்ணினாங்களே, அதுலயும் ஏதோ நடந்தது எண்டு வெள்ளவத்தைல எங்கட லேன்ல பாதிப்பேர் சொல்றாங்க. நான் அந்த எலெக்ஷன்லதான் முதல் முதலா புள்ளடி போட்டனான். எங்கட எலெக்ஷன நம்பலாமா இல்லையா?"

நேரா சொல்றன். 2010ல கம்பியூட்டர்ல கணக்க மாத்தினாங்க (இதத்தான் சனம் கம்பியூட்டர் ஜில்மார்ட், அதாவது ஏமாத்து வேலை எண்டு சொல்றது) எண்டுறதுக்கு இண்டைவரைக்கும் ஒருத்தரும் ஆதாரம் காட்டேல்ல. அதே நேரம் 2010 எலெக்ஷன் நியாயமா நடந்ததா எண்டு கேட்டா, இல்ல, நடக்கேல்ல. இந்த ரெண்டும் ஒண்டுக்கொண்டு முரண் எண்டு நிறையப்பேர் நினைக்கிறாங்க, முரண் இல்ல தம்பி. வோட்டு எண்ணுறது ஒரு வேலை, எலெக்ஷன் நடத்துறது அதவிட எத்தனையோ மடங்கு பெரிய வேலை, எங்கட நாட்டுல களவு போனது பெரும்பாலும் எண்ணுற மேசைக்கு வர முந்தித்தான். உங்கட அப்பா கோவப்படுறதுல பிழையே இல்ல, அந்தக் கோவத்த அவர் வைக்கிற இடத்துலதான் எனக்கு உடன்பாடில்ல.

நான் அரச வேலைல இருந்த காலத்துல மூண்டு எலெக்ஷனுக்கு வாக்கெண்ணுற டியூட்டி செஞ்சனான், 2010ம் அதுல ஒண்டு. கொழும்புல ஒரு பள்ளிக்கூட ஹோல். பின்னேரம் போய்ச் சேர்ந்தா அடுத்தநாள் விடிஞ்சாப்பிறகுதான் வெளில வரலாம், ஃபோன் உள்ளுக்க கொண்டுபோக ஏலாது. மேசைக்கு இந்தப்பக்கம் நாங்க, அந்தப்பக்கம் கட்சி முகவர்மார், அவங்கட கண்ணு எங்கட விரல விட்டு விலகாது. பெட்டி வரும்போது சீல் உடைபடாம இருக்கா எண்டு அவங்களுக்குத்தான் முதல்ல காட்டோணும், ஏனெண்டா வோட்டெடுப்பு முடிஞ்ச உடன வாக்குச்சாவடில அவங்கட ஆக்களும் தங்கட ஸ்டிக்கர ஒட்டி விட்டிருப்பாங்க. பிறகு பெட்டிய மேசைல கவிழ்ப்பம். யாருக்கு வோட்டு எண்டு அந்த நேரம் ஒருத்தரும் பாக்கிறதில்ல, மொத்தம் எத்தனை சீட்டு எண்டு மட்டும்தான் எண்ணுறது. அந்த எண்ணிக்கை வாக்குச்சாவடிப் பொறுப்பதிகாரி எழுதி அனுப்பின கணக்கோட ஒத்துவரோணும். எத்தனை சீட்டு அவருக்குக் குடுத்தது, எத்தனை கிழிச்சுக் குடுத்தவர், எத்தனை பழுதாப்போனது, எத்தனை மிச்சம், எல்லாம் அதுல இருக்கும், சீட்டுப் புத்தகத்துட அடிக்கட்டையும் தனியா சீல் வச்சு வரும்.

அண்டைக்கு ஒரு பெட்டில ஒரே ஒரு சீட்டு குறைஞ்சது. ஒண்டுதானே எண்டு விடலாம் எண்டு புதுசா வந்த ஒரு பிள்ளை சொல்ல, எங்கட மேசைக்குப் பொறுப்பா இருந்த ஐயா கண்ணாடியக் கழட்டி மேசைல வச்சிட்டு "இன்னொருக்கா எண்ணுங்கோ" எண்டார். எண்ணினம். குறையுது. திரும்ப எண்ணினம். மூண்டாவது தரம் எண்ணும்போதுதான் ஒரு சீட்டுக்குள்ள இன்னொரு சீட்டு மடிஞ்சு ஒட்டிப்போய் இருந்ததக் கண்டம். முக்கால் மணித்தியாலம் போயிட்டு. ஒரு முகவர்ப் பொடியன் பெருமூச்சு விட்டுட்டு தன்ட கொப்பில இருந்த எண்ண வெட்டித் திருத்தி எழுதினான். அந்தப் பொடியன்ட கொப்பி எனக்கு இண்டைக்கும் ஞாபகம், ஸ்கூல் பிள்ளையள்ட மொனிட்டர் கொப்பி. ஒவ்வொரு பெட்டிட மொத்தமும், ஒவ்வொரு வேட்பாளருக்கு விழுந்ததும் அவன் தன்ட கையாலயே எழுதி எடுத்தவன், கடைசில எங்கட முடிவுத்தாள்லயும் கையெழுத்து வச்சிட்டுத்தான் போனவன்.

இப்ப கம்பியூட்டர் கதைக்கு வாறன். அந்த ஹோல்ல இருந்து போற தாள் மாவட்டத்துக்குப் போகும், அங்க எல்லா ஹோல்ட எண்ணும் கூட்டப்படும், அதுதான் தெரிவத்தாட்சி அலுவலர் வெளியிடுற முடிவு. கூட்டுறதுக்கு கம்பியூட்டர் பாவிக்கிறாங்கதான். ஆனா கம்பியூட்டர்ல ஒருத்தன் எண்ண மாத்தினா, கொப்பில எழுதி எடுத்த அந்தப் பொடியன்ட எண்ணோட அது முட்டும். ஒரு ஹோல்ல முட்டினா தவறு எண்டு சொல்லலாம். நாடு முழுக்க மாத்தோணும் எண்டா நூற்றுக்கணக்கான ஹோல்ல, நூற்றுக்கணக்கான முகவர்மார்ட கொப்பியோட முட்டும். மகிந்தவுக்கும் அவர எதிர்த்து நிண்ட சரத் பொன்சேகாவுக்கும் இடைல வந்த வித்தியாசம் 18 இலட்சத்து 42 ஆயிரம் வோட்டு, 57.88 வீதமும் 40.15 வீதமும். அவ்வளவு பெரிய தொகைய தாள்ல மாத்தாம கம்பியூட்டர்ல மட்டும் மாத்தியிருந்தா, எதிர்க்கட்சி செய்ய வேண்டியிருந்தது ஒண்டே ஒண்டுதான்: தங்கட முகவர்மார்ட கொப்பியள ஒரு இடத்துல சேத்து, "இந்தா இந்த ஹோல்ல எங்கட எண் இது, நீங்க அறிவிச்சது இது" எண்டு நாட்டுக்குக் காட்டுறது. அப்பிடி ஒரு பட்டியல் வெளில வரவே இல்ல. ஜில்மார்ட் எண்ட சொல்லு மட்டும் ஊரெல்லாம் போய்ச் சேந்திட்டு.

ஆனா அந்தச் சொல்லு ஏன் அவ்வளவு லேசா ஒட்டிச்சு எண்டுறதையும் பாக்கோணும். முடிவு வந்த நேரம் பொன்சேகா இருந்த ஹோட்டல இராணுவம் சுத்தி நிண்டது, ரெண்டு கிழமை போக முந்தி அவரக் கைது செஞ்சாங்க. ஜனாதிபதி வேட்பாளரா நிண்ட மனுசன்ட பேரே வாக்காளர் இடாப்புல இல்ல, அவரால தனக்கே வோட்டு போட ஏலாமப் போச்சு. அரச டீவி எலெக்ஷன் நாள் வரைக்கும் ஒரு பக்கத்துக்கு மட்டும் வேலை செஞ்சது, அப்ப தேர்தல் ஆணையாளரா இருந்த தயானந்த திசாநாயக்கவே தன்ட வழிகாட்டல அரச ஊடகம் மதிக்கேல்ல, என்ன இந்தப் பதவில இருந்து விடுவிச்சா போதும் எண்டு வெளிப்படையாச் சொன்னவர். நடுவரே இப்பிடிச் சொல்லும்போது சனம் என்னத்த நம்பும்? யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துல வோட்டு போட்டது 25.66 வீதம். வன்னில இருந்து வந்து முகாம்ல கிடந்த சனத்துக்கு வாக்குச்சாவடிக்குப் போக பஸ் ஒழுங்கா வரேல்ல எண்டு கண்காணிப்பாளர்மார் அண்டைக்கே சொன்னவங்க. வழக்கு போட்டும் உயர் நீதிமன்றம் ஆரம்ப ஆட்சேபணைய ஏத்துக்கொண்டு அதே வருசம் தள்ளுபடி செஞ்சிட்டு, சாட்சியம் விளங்குற கட்டத்துக்கே போகேல்ல. கதவெல்லாம் சாத்தினா ஆக்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்துலதான் காரணம் தேடுவாங்க, அந்த நேரம் கண்ணுக்குத் தெரியாத இடம் கம்பியூட்டர்.

எனக்குக் கவலை என்னெண்டா, ஜில்மார்ட் எண்டு கத்தினதுல மேல சொன்ன அவ்வளவும் அடிபட்டுப் போச்சு. அரச டீவி, அரச வாகனம், முகாம் சனம், இடாப்பு, இதெல்லாம் கையும் களவுமா காட்டக்கூடிய விசயம், அத விட்டுட்டு காட்ட ஏலாத ஒண்டப் பிடிச்சுக்கொண்டு நிண்டதால கடைசில ஆட்சில இருந்தவங்களுக்குத்தான் வசதியாப் போச்சு, ஆதாரம் எங்க எண்டு ஒரு கேள்வியோட எல்லாத்தையும் மூடிட்டாங்க.

எங்கட வரலாற்றையே எடுங்க. 1981 ஜூன் 4 யாழ்ப்பாணத்துல மாவட்ட அபிவிருத்தி சபைத் தேர்தல், அதுக்கு மூண்டு நாலு நாளைக்கு முந்தித்தான் நூலகத்த எரிச்சது, வோட்டெடுப்பு முடிய சில பெட்டியளக் காணேல்ல. 1982 டிசம்பர் 22 சர்வஜன வாக்கெடுப்பு, விளக்கா (ஓம்) குடமா (இல்ல) எண்டு கேட்டு பாராளுமன்றத்துட ஆயுள இன்னும் ஆறு வருசம் நீட்டினது. விளக்குக்கு 54.66 வீதம் எண்டு அறிவிச்சாங்க. அவசரகாலச் சட்டத்துக்குள்ள, எதிர்க்கட்சிப் பத்திரிகைய பூட்டி, ஆக்களப் பிடிச்சு உள்ளுக்க போட்டு நடத்தின வாக்கெடுப்பு, அதுல நடந்த முறைகேட்ட பிறகு வந்த தேர்தல் ஆணையாளர்ட அறிக்கையே பதிஞ்சு வச்சிருக்கு. 1988 ஜனாதிபதித் தேர்தல்ல, அப்ப ஆயுதம் ஏந்தியிருந்த ஜேவிபிட பயத்துல தெற்குல கனபேர் வீட்ட விட்டு வெளிக்கிடேல்ல, 55.32 வீதம்தான் வாக்களிச்சது, பிரேமதாச 50.43 வீதத்தோட வெண்டவர். 1999 ஜனவரி 25 வடமேல் மாகாண சபைத் தேர்தல்ல முகவர்மார அடிச்சுக் கலைச்சிட்டு பெட்டிய நிரப்பினாங்க, அதுக்குப் பிறகுதான் கண்காணிக்கிற அமைப்புகள நாட்டுச் சனம் உண்மையா மதிக்கத் தொடங்கினது எண்டு நான் நினைக்கிறன். இது ஒண்டுலயும் கம்பியூட்டர் இல்ல. எல்லாம் பட்டப்பகல்ல, ஆக்கள் பாத்துக்கொண்டு நிக்கத்தக்கதா நடந்தது.

2005 பத்திக் கொஞ்சம் நிண்டு சொல்லோணும், ஏனெண்டா எங்கட சனத்துக்கு அது ஆறாத காயம். அந்த எலெக்ஷன்ல எண்ணிக்கைல குறை சொன்னவங்க குறைவு. மகிந்த 50.29, ரணில் 48.43, வித்தியாசம் 1,80,786 வோட்டு. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துல இடாப்புல இருந்தது 7 இலட்சத்துக்கு மேல, வோட்டு போட்டது 8,524 பேர், அதாவது 1.21 வீதம். புலிகள் பகிஷ்கரிக்கச் சொன்னாங்க, சனம் வீட்டுக்குள்ள இருந்திச்சு. விரும்பி இருந்தவங்களும் இருந்திருப்பாங்க, இல்லை எண்டு சொல்லேல்ல, ஆனா அண்டைக்கு யாழ்ப்பாணத்துல ஒரு மனுசன் விரும்பினாலும் தனியப் போய் மையைப் பூசிக்கொண்டு வீட்ட வந்திருக்க ஏலுமா? என்ட பெரியம்மா அப்ப கோண்டாவில்ல இருந்தவ. எலெக்ஷன் கார்ட் வந்தது, அத அலுமாரில புடவைக்குக் கீழ வச்சிட்டா, கிழிக்கவும் இல்ல, கொண்டுபோகவும் இல்ல. பல வருசத்துக்குப் பிறகு அவ செத்து வீட்ட துப்பரவாக்கும்போது அந்தக் கார்ட் அப்பிடியே இருந்தது. அந்த எலெக்ஷன்ட கணக்க ஒவ்வொரு சீட்டா திரும்ப எண்ணினாலும் சரியாத்தான் வரும். ஆனா நாட்டுட தலைவிதியத் தீர்மானிச்சது எண்ணின சீட்டவிட பெட்டிக்குள்ள வராமப்போன சீட்டுத்தான்.

இனி 2024. உங்கட லேன்ல கதைக்கிறாங்களே ரெண்டாவது எண்ணிக்கை, அதுல ஜில்மார்ட்டுக்கு இடமே இல்ல, விளங்கப்படுத்தாததாலதான் சந்தேகம் வந்தது. எங்கட சட்டப்படி முதல் எண்ணிக்கைலயே வெல்லுறதுக்கு ஒரு வேட்பாளர் செல்லுபடியான வோட்டுல பாதிக்கு மேல எடுக்கோணும். 1982ல இருந்து எல்லா ஜனாதிபதித் தேர்தல்லயும் முதல் எண்ணிக்கைலயே ஆராவது 50 தாண்டினதால ரெண்டாவது விருப்பு வாக்கு எண்டு ஒண்டு இருக்கு எண்டுறதே சனத்துக்கு மறந்துபோச்சு. 2024ல அநுர குமார திசாநாயக்க 56,34,915, சஜித் பிரேமதாச 43,63,035, ரணில் 22,99,767. 42.31 வீதம் பாதி இல்லத்தானே. அப்ப முதல் ரெண்டு பேரத் தவிர மத்த எல்லாரையும் கழிச்சிட்டு, கழிபட்ட ஆக்களுக்கு விழுந்த 33 இலட்சத்துக்கு மேற்பட்ட சீட்டையும் திருப்பி எடுத்துப் பாக்கிறது, அதுல 2, 3 எண்டு இந்த ரெண்டு பேருக்கும் ஆராவது விருப்பு போட்டிருக்கா எண்டு. அநுரவுக்கு 1,05,264 கூடிச்சு, சஜித்துக்கு 1,67,867 கூடிச்சு. கவனிங்க, சஜித்துக்குத்தான் கூட வந்தது, வித்தியாசம் 12 இலட்சத்து 71 ஆயிரத்துல இருந்து 12 இலட்சத்து 9 ஆயிரமாக் குறைஞ்சது. வெல்ல வைக்கிறதுக்கு இன்னொருக்கா எண்ணினது எண்டா எண்ணிக்கை இப்பிடியா போயிருக்கும்?

பிறகு ஏன் 42 எண்டது 55.89 ஆச்சு எண்டு கேப்பீங்க. அது ரெண்டு பேர்ட மொத்தத்த மட்டும் நூறா எடுத்துப் போட்ட வீதம். செல்லுபடியான எல்லா வோட்டோடயும் பாத்தா அது ஏறக்குறைய 43தான். இத அண்டைக்கே தேர்தல் ஆணைக்குழு டீவில ஒரு பலகைய வச்சு பத்து நிமிசம் விளங்கப்படுத்தியிருந்தா பாதி வதந்தி அடங்கியிருக்கும் எண்டுறது என்ட அபிப்பிராயம். வோட்டு போட்ட செப்டம்பர் 21ஆம் திகதி ராத்திரி பத்து மணிக்கு ஊரடங்கு போட்டு அடுத்தநாள் மத்தியானம் வரைக்கும் நீட்டினாங்க, அதுவும் சேந்துகொண்டது. காலி வீதில ஒரு ஓட்டோவும் இல்ல, எங்கட ஃப்ளட்ஸ்ல எல்லாரும் கதவத் திறந்து வச்சுக்கொண்டு படியில நிண்டு வட்ஸ்அப் பாத்துக்கொண்டு இருந்தம், கீழ் வீட்டு அக்கா "ஏன் ஊரடங்கு, பெட்டி மாத்துறாங்களோ" எண்டு கேட்டா. அவவப் பிழை சொல்ல ஏலாது. ஊரடங்குக்கும் பெட்டிக்கும் இந்த நாட்டுல ஒரு சரித்திரம் இருக்கு.

வெளிநாட்டுல என்ன நடந்தது எண்டும் பாருங்க, எங்களுக்கு இல்லாத ஒண்டு அங்க விளங்கும். ஒஸ்ட்ரியால 2016ல ஜனாதிபதித் தேர்தல் 30,863 வோட்டு வித்தியாசத்துல முடிஞ்சது. கள்ள வோட்டு போட்டதுக்கு ஆதாரம் இல்ல, ஆனா தபால் வோட்டுக் கவர நேரத்துக்கு முந்தியும் ஆக்கள் இல்லாமலும் திறந்திருக்கிறாங்க எண்டு அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தச் சுற்ற முழுசா ரத்துச் செஞ்சிட்டு, டிசம்பர்ல திரும்ப நடத்தினாங்க, அதே ஆள் இன்னும் கூட வோட்டோட வெண்டார். கென்யால 2017 செப்டம்பர்ல உச்ச நீதிமன்றம் பதவில இருந்த ஜனாதிபதிட வெற்றியவே ரத்துச் செஞ்சது. மலாவில முடிவுத்தாள்ல வெள்ளை மை பூசி எண்ண மாத்தியிருந்தத நீதிமன்றம் கண்டுபிடிச்சு 2020 பெப்ரவரில ரத்துச் செஞ்சது, திரும்ப நடந்ததுல எதிர்க்கட்சி வெண்டது. அமெரிக்கால 2020ல ட்ரம்ப் பக்கத்து ஆக்கள் அறுபதுக்கு மேல வழக்கு போட்டும் தோத்தாங்க, ஜோர்ஜியா மாநிலத்துல கிட்டத்தட்ட 50 இலட்சம் சீட்டக் கையால திரும்ப எண்ணியும் வெண்ட ஆள் மாறேல்ல. இதுல சில சந்தேகம் சரியா வந்தது, சில பிழையா வந்தது, ஆனா எல்லா இடத்துலயும் சந்தேகம் தாளோட முட்டிப் பாக்கப்பட்டது, கேட்டவனுக்கு ஒரு விடை கிடைச்சது.

எங்கட நாட்டுல? ஜனாதிபதித் தேர்தல் மனுவ 21 நாளுக்குள்ள உயர் நீதிமன்றத்துல போடோணும், நாடு முழுக்க சாட்சியம் சேக்க மூண்டு கிழமை காணுமா? 1988 எலெக்ஷனுக்கு சிறிமாவோ பண்டாரநாயக்க போட்ட மனு 1992லதான் தள்ளுபடியாச்சு, அப்ப பிரேமதாச பதவிக் காலத்துல பாதிக்கு மேல முடிச்சிட்டார். ஒரு ஜனாதிபதித் தேர்தலும் இண்டைவரைக்கும் இங்க ரத்தாகேல்ல. எனக்கு உண்மையா மனம் நோகிற இடம் இதுதான் தம்பி. சந்தேகப்படுற ஆளுக்கு இந்த நாடு வச்சிருக்கிற வாசல் அவ்வளவு சின்னன்.

நல்லது ஒண்டும் நடக்கேல்ல எண்டு சொல்லமாட்டன். 2015 ஜனவரில பதவில இருந்த பலமான ஜனாதிபதி தோத்தார், 51.28க்கு 47.58, முடிவு மாறாம வெளில வந்தது. அந்த வருசக் கடைசில சுயாதீன தேர்தல் ஆணைக்குழு வந்தது. 2019லயும் புத்தளத்துல இருந்து மன்னாருக்கு வோட்டு போடப்போன முஸ்லிம் ஆக்கள்ட பஸ்ஸுக்கு தந்திரிமலைல சுட்டாங்க, எண்டாலும் அந்தச் சனம் போய் வோட்டு போட்டது. 2024ல 79.46 வீதம் பேர் வாக்களிச்சு பெரிய அடிதடி இல்லாம முடிஞ்சது. 1999ஐப் பாத்தவங்களுக்கு இந்த மாற்றத்துட பெறுமதி தெரியும்.

ஆனா இப்பத்தக் களவு வேற மாதிரி வருது. 2023 மார்ச்சில நடக்க இருந்த உள்ளூராட்சித் தேர்தல காசு இல்ல எண்டு நிப்பாட்டினாங்க, தபால் வோட்டுச் சீட்டு அச்சடிக்கக்கூட திறைசேரி காசு விடேல்ல. அது அடிப்படை உரிமை மீறல் எண்டு உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்ட்ல தீர்ப்புச் சொன்னது, தேர்தல் நடந்தது 2025 மே 6ஆம் திகதி. மாகாண சபைகள் பல வருசமா ஆளுநர்மார்ட கையிலதான், ஆயுள் முடிஞ்ச சபைக்கு திரும்பத் தேர்தல் வைக்காமலே காலம் போகுது. நடக்காத எலெக்ஷன்ல ஜில்மார்ட் எண்டு கத்த ஆளில்லாததால இது அப்பிடியே கடந்து போகுது, எனக்கு இதுதான் பெட்டிய நிரப்புறதவிடப் பயமாக் கிடக்கு.

அதால உங்கட கேள்விக்கு என்ட விடை: எண்ணுற மேசைய நம்பலாம், ஏனெண்டா அங்க எதிர்க்கட்சிக்காரன்ட கண்ணும் கொப்பியும் இருக்கு. கண்ணும் கொப்பியும் இல்லாத இடத்துலதான் விழிப்பா இருக்கோணும், அதுல முதலாவது இடம் வாக்காளர் இடாப்பு. வடக்குல இருந்து வந்து கொழும்புல வாடகைக்கு இருக்கிற எங்கட ஆக்கள்ல எத்தனையோ பேர்ட பேர் ஊர்லயும் வெட்டுப்பட்டு, இங்கயும் வீட்டுக்காரர் பதிய விடாம, ரெண்டும் கெட்டானா நிக்குது.

உங்கட அம்மாட பேரும் இல்ல எண்டு அண்டைக்குச் சொன்னீங்கள். இடாப்பு வருசா வருசம் திருத்துறது, கிராம சேவகர் ஃபோர்ம் கொண்டு வரும்வரை பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ. அடையாள அட்டை, வாடகை உடன்படிக்கை, லைட் பில், மூண்டையும் எடுத்துக்கொண்டு அம்மாவையும் கூட்டிக்கொண்டு நீங்களே அவர்ட ஒஃபிசுக்குப் போங்க. ஆள் இல்ல நாளைக்கு வாங்க எண்டா நாளைக்கும் போங்க. ஃபோர்ம் குடுத்ததுக்கு திகதியோட ஒரு கையெழுத்து வாங்கி ஃபோன்ல படம் எடுத்து வையுங்கோ.